சாக்குச் சொல்ல ஒன்றுமில்லை!

நடுவர் அவர்களே, திறமைதான் பெரிது என்று முழங்கிவிட்டு இப்போது தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே, அரங்கம் நிறைய அமர்ந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே!

வெளிநாட்டில் நம்மை நிலைநிறுத்துவது திறமையா, பணிவா? பணிவுதான் என்று சொல்ல வந்திருக்கிறேன். பணிவிலேயே கஷ்டமானது எது தெரியுமா? தப்பு நடந்தா 'மன்னிச்சுக்குங்க'ன்னு சொல்றது. எனக்குக் கொடுத்திருக்கிறது அஞ்சு நிமிஷம். அதனால அதை மட்டும் பேசிட்டுப் போயிடறேன்.

நான் ஆறு வருஷம் டோக்கியோவில் இருந்தவன். நிஷி-கசாய்னு ஒரு பகுதி, நம்ம நாட்டுக்காரங்க நிறையப் பேர் குடியிருக்கிற இடம். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை.

அந்த ஊர் எப்படிப்பட்டதுன்னு ஒண்ணு சொல்றேன். 2017 நவம்பர் 14. சுகுபா எக்ஸ்பிரஸ்னு ஒரு ரயில். மினாமி-நகரேயாமா நிலையத்தில் காலை 9 மணி 44 நிமிஷம் 40 விநாடிக்குக் கிளம்ப வேண்டியது, 20 விநாடி முன்னாலேயே கிளம்பிடுச்சு. பயணிகள் யாரும் புகார் கொடுக்கலை. நிர்வாகம் தானா முன்வந்து மன்னிப்புக் கேட்டு அறிக்கை விட்டுச்சு. நம்ம ஊர்ல ரயில் முன்னாடியே வந்துட்டா, 'இது நேத்து வர வேண்டியதா?'ன்னு கேப்போம். (சிரிப்பு)

இன்னொண்ணு, குச்சி ஐஸ். அகாகின்னு ஒரு கம்பெனி, 25 வருஷம் 60 யென்னுக்கே வித்தாங்க. 2016-ல பத்து யென் ஏத்தினாங்க. அதுக்கு டி.வி.யில விளம்பரம் கொடுத்து, பெரிய தலைகளும் தொழிலாளிகளும் வரிசையா நின்னு தலை குனிஞ்சாங்க. பத்து யென்னுக்கு! இங்க பஸ் கட்டணம் ஏத்தினப்போ யாராவது நமக்குத் தலை குனிஞ்சாங்களா? (கைதட்டல்)

இதெல்லாம் வெறும் வியாபார நடிப்புன்னு எதிரணிச் சகோதரி சொன்னாங்க. வாடிக்கையாளர் கடைச் சிப்பந்தியை மண்டி போட வைக்கிற கொடுமையும் அங்க உண்டுன்னாங்க. உண்மைதான், மறுக்கலை. அந்த அடாவடியைத் தடுக்க டோக்கியோ நிர்வாகம் 2024-ல் சட்டமே போட்டு, 2025 ஏப்ரல்ல நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அம்மா, மிரட்டி வாங்கினா அது பறிமுதல். நான் பேசறது தானா கொடுக்கிறதைப் பத்தி.

என் கதைக்கு வர்றேன். ஒரு கடைக்காரக் கம்பெனிக்கு நாங்க பில் போடற ஏற்பாடு செஞ்சு கொடுத்திருந்தோம். ஒரு நாள் ராத்திரி, கூட்டம் நெரியற நேரத்தில் நாற்பது நிமிஷம் நின்னுபோச்சு. நான் விடிய விடிய உக்காந்து ஆராய்ஞ்சேன். அவங்க ஆள் ஒருத்தர் எதையோ மாத்தி வச்சதுதான் காரணம். ஆதாரம் கையில சிக்கிடுச்சு! எனக்கு ஒரே சந்தோஷம். திறமை! பன்னிரண்டு பக்கம் அச்சடிச்சு எடுத்துக்கிட்டு மேலதிகாரியோட போனேன்.

அவர் ஒரு இனிப்புப் பெட்டி வாங்கிக்கிட்டு வந்தார். லிஃப்டுல என் கையில இருந்த காகிதத்தை மெல்ல வாங்கித் தன் பைக்குள்ள வச்சுக்கிட்டார். உள்ளே போனதும் இடுப்பு வரைக்கும் குனிஞ்சு, "மோஷிவாகே கொசாய்மசென்" என்றார். எனக்கு ரத்தம் கொதிச்சுது. தப்பே செய்யாம எதுக்குய்யா குனியறே?

அந்தக் கம்பெனி மேலாளர் கோபப்படலை. ஒண்ணே ஒண்ணு சொன்னார். அன்னிக்கு ராத்திரி கல்லாவில் நின்னது பகுதி நேர வேலைக்கு வர்ற ஒரு வயசான அம்மா. நாற்பது நிமிஷமும் வரிசையில நின்ன ஒவ்வொருத்தர்கிட்டயும் அந்த அம்மா தலை குனிஞ்சு மன்னிப்புக் கேட்டாங்களாம்.

எனக்குச் சுருக்குன்னுது. என் வேலைக்காக வேற ஒருத்தர் ஏற்கெனவே குனிஞ்சு முடிச்சிருக்காங்க. நான் ஆதாரத்தை அச்சடிச்சுக்கிட்டு இருந்திருக்கேன்.

வெளியே வந்து அந்த வார்த்தைக்கு அர்த்தம் கேட்டேன். மோஷிவாகேன்னா சாக்கு, விளக்கம். 'சாக்குச் சொல்ல எதுவுமில்லை' என்பதுதான் மன்னிப்புக்கே அவங்க வச்சிருக்கிற வார்த்தை! அவர் பையிலயோ என் பன்னிரண்டு பக்கச் சாக்கு. அந்தப் பன்னிரண்டு பக்கத்தையும் அதிகாரி அடுத்த வாரம் கொடுத்தார். அவங்களும் பொறுமையாப் படிச்சுத் திருத்திக்கிட்டாங்க. முதல் நாளே நீட்டியிருந்தா படிச்சிருப்பாங்களா?

நடுவர் மணி மேல கை வைக்கிறார். ஒரே ஒரு நிமிஷம், ஐயா.

என் அப்பாவுக்கு நெஞ்சில் ஆபரேஷன் நடந்தப்போ நான் வரலை. லீவு கிடைக்கலை, வேலை முடியலை. எல்லாம் நிஜமான காரணம். ரெண்டு வருஷமா ஃபோன்ல அதையே சொல்லிக்கிட்டிருந்தேன். அவர் ஃபோனை எடுத்தவுடனே, "இந்தா, உன் மகன்"னு அம்மாகிட்ட கொடுத்துடுவார்.

அடுத்த லீவுல பாளையங்கோட்டைக்கு வந்தேன். காலையில திண்ணையில பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தார். பக்கத்துல போய் உக்காந்து, "அப்பா, நான் வராதது தப்பு"ன்னேன். அதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்லலை. சொல்ல வாய் வரைக்கும் வந்துது, முழுங்கிட்டேன்.

அவர் என்னைப் பார்க்கவேயில்லை. கொஞ்ச நேரம் கழிச்சுப் பேப்பரைப் பிரிச்சு, உள்பக்கத்தை என்கிட்ட நீட்டினார்.

(பலத்த கைதட்டல்)