கயிறு நம் கையிலும் இருக்கட்டும்
(கண்டியில் நடந்த தோட்டத் தலைவர், தலைவியர் கூட்டத்தில் ஆற்றிய உரையிலிருந்து)



1992இல் தோட்டங்களை நிர்வகிக்க வந்த கம்பெனிகள் இன்று "லீன்" முறை பற்றிப் பேசுகின்றன. வீணைக் குறைப்பதே அதன் பொருள். ஜப்பானில் டொயோட்டா கார் தொழிற்சாலையில் வளர்ந்த முறை அது. அங்கே பழுதைக் கண்ட தொழிலாளி ஒரு கயிற்றை இழுத்தால் போதும். மேற்பார்வையாளர் உடனே வருவார். பழுது தீராவிட்டால் வேலையே நிற்கும்.

நம் மலைகளிலோ வீணைக் குறைப்பது என்றால் ஆளைக் குறைத்து, கிலோவைக் கூட்டுவது என்றாகிவிடக் கூடாது. சாக்கில் இறுக்கி அடைத்த கொழுந்து, நிறுவைக்காக வெயிலில் கிடந்தால் சூடேறிச் சிவந்துபோகும். அதுதான் வீண்! அதை முதலில் காண்பவர் கொழுந்தெடுக்கும் பெண். அவர் பெரட்டில் சொன்னால் அன்றே திருத்த வேண்டும். கிலோவைப் பற்றிப் பேசும் முன், பேச்சுவார்த்தையில் இந்த உரிமையைக் கேட்போம்.