ஏற்பும் உடன்பாடும்



பத்தாம் ஆண்டு விழாவில் இலக்கியம் பேசாமல் பல்கலைக்கழக விதிகளைப் பேச வந்திருக்கிறானே என்று சிலர் எண்ணக்கூடும். கூடிப் பேசுவதற்கு ஓர் இடம் எத்துணை இன்றியமையாதது என்பதைப் பத்தாண்டுகள் கூடிப் பேசிய இந்த அவைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த இடத்தைத் தரவும் மறுக்கவும் அதிகாரம் பெற்றவர்கள் எதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்பதே இன்று என் பொருள்.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் நியூ பிரிட்டன் என்னும் ஊரில் ஓர் அரசுக் கல்லூரி. 1969ஆம் ஆண்டு, வியட்நாம் போரால் வளாகங்கள் கொந்தளித்திருந்த காலம். ‘ஜனநாயக சமுதாயத்துக்கான மாணவர்கள்’ என்ற இயக்கத்தின் கிளை ஒன்றைத் தொடங்க விரும்பிய மாணவர் சிலர், கல்லூரியின் ஏற்பை வேண்டினர். கட்டட முற்றுகையோடும் கலவரத்தோடும் சேர்த்தே பேசப்பட்ட பெயர் அது. மாணவரும் ஆசிரியரும் அடங்கிய குழு அவர்களைத் துருவித் துருவிக் கேட்டது. வகுப்புகளைக் குலைப்பீர்களா என்ற வினாவுக்கு, இப்போதே சொல்ல இயலாது என்று விடை வந்தது. சாமர்த்தியமான விடை அன்று, ஆனால் நேர்மையானது. குழு ஆறுக்கு இரண்டு என்ற கணக்கில் ஏற்கலாம் என்றது. கல்லூரித் தலைவரோ மறுத்துவிட்டார். கல்விச் சுதந்திரத்தைப் பழிக்கும் இயக்கத்துக்குக் கல்லூரி ஒப்புதல் வழங்கலாகாது என்பது அவர் வாதம். கல்விச் சுதந்திரத்தின் பெயராலேயே சிலருடைய வாய் அடைக்கப்பட்டது!

மறுப்பின் பொருள் என்ன? அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்ட முடியாது. மாணவர் இதழில் கூட்டச் செய்தி போட முடியாது. கல்லூரி அறை எதிலும் கூட முடியாது. இனி என்ன செய்யலாம் என்று கலந்து பேச, வளாகத்துச் சிற்றுண்டிச் சாலையில் அவர்கள் உட்கார்ந்தார்கள். கல்லூரி அதிகாரிகள் அங்கேயும் வந்து, தலைவரின் ஆணையைக் காட்டிக் கலைந்து போகச் சொன்னார்கள். தேநீர் அருந்தலாம், அமைப்பாக அமர்ந்து அருந்தக் கூடாது.

வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. 1972 ஜூன் 26 அன்று நீதியரசர் லூயிஸ் பவல் தீர்ப்பை எழுதினார். பழமைப் போக்குடையவர் என்று அறியப்பட்டவர் அவர். ஆதலால் தீர்ப்புக்கு என் பார்வையில் மதிப்புக் கூடுகிறது. வெளியே உள்ள ஓர் இயக்கத்தோடு தொடர்பு என்பது மட்டும் மறுப்புக்குக் காரணமாகாது. கொள்கை அருவருப்பானது என்பதும் ஆகாது. குழப்பம் விளையக்கூடும் என்ற வெறும் அச்சமும் போதாது. வளாகத்தின் நியாயமான விதிகளுக்குக் கட்டுப்பட மாட்டோம் என்று ஓர் அமைப்பு நின்றால் மட்டும் மறுக்கலாம். மறுப்புக்குக் காரணம் காட்டும் பொறுப்பு கல்லூரியுடையது. தாம் நல்லவர்கள் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு மாணவருடையதன்று.

கடல் கடந்த கதை என்று இதை ஒதுக்க வேண்டா. சென்னை ஐ.ஐ.டி.யில் 2014ஆம் ஆண்டு அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டம் தோன்றியது. அப்பெயர் மாணவரைப் பிளவுபடுத்தும், மாற்றிக்கொள்ளுங்கள் என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. அதே வளாகத்தில் விவேகானந்தர் பெயரில் ஒரு வட்டம் முன்னரே இருந்தது. இருக்கட்டும், அதில் எனக்குக் குறையில்லை. ஒரு பெயர் இயல்பாகவும் மற்றொன்று பிளவாகவும் தோன்றுவது ஏன் என்பதே என் வினா. மறு ஆண்டு, பெயரில்லாத முறையீடு ஒன்று மத்திய மனிதவள அமைச்சகத்துக்குப் போயிற்று. அமைச்சகம் அதை நிறுவனத்துக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டது. 2015 மே மாதத்தில், சலுகைகளைத் தவறாகப் பயன்படுத்தியதாகச் சொல்லி, வட்டத்தின் ஏற்பு விலக்கப்பட்டது. சங்கம் அமைக்கும் உரிமை நம் அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவில் இருக்கிறது. கையொப்பமிடாத ஒரு கடிதத்தின் எடை அதைவிடக் கூடுதலாயிற்று.

பொதுப்பணத்தில் வெறுப்பை வளர்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அக்கேள்வியை நான் எளிதாகத் தள்ளவில்லை. ஆனால் ஏற்பு என்பது உடன்பாடு என்று பல்கலைக்கழகம் கருதத் தொடங்கினால், ஏற்ற ஒவ்வோர் அமைப்பின் ஒவ்வொரு பேச்சுக்கும் அதுவே பொறுப்பேற்க நேரும். பிறகு ஒவ்வொன்றையும் தணிக்கை செய்யாமல் அதற்கு உறக்கம் வராது. அடித்தால், மிரட்டினால், வகுப்பை முடக்கினால் தண்டிக்கட்டும், அவை செயல்கள். விதி என்பதும் சில வேளைகளில் திரையாகலாம். 2023 நவம்பரில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம், நிகழ்ச்சி விதிகளை மீறியதாகக் கூறி, பாலஸ்தீனத்துக்காகக் குரல் கொடுத்த இரண்டு மாணவர் அமைப்புகளை இடைநிறுத்தியது. தனியார் நிறுவனமாகையால் 1972 தீர்ப்பு அதை நேரே கட்டுப்படுத்தாது. எனினும் அதே விதி பிற அமைப்புகள் மீதும் அதே கடுமையோடு பாய்ந்திருக்குமா என்று கேட்கும் உரிமை நமக்குண்டு.

சென்னையில் விலக்கு நெடுநாள் நிற்கவில்லை. ஊர் ஊராகக் கண்டனம் எழுந்தது, பேச்சு நடந்தது. 2015 ஜூன் 7 அன்று ஏற்பு மீண்டது. பெயர் மாறவில்லை.