இளைப்பாறியோரின் கற்கை வட்டங்கள்: கிளிநொச்சிக்கு ஒரு முன்மொழிவு



இளைப்பாறியவர்களுக்கென்று நமது மாவட்டத்தில் அமைப்புகள் இல்லாமல் இல்லை. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் நாடெங்கும் கிராம மட்டத்தில் முதியோர் சங்கங்கள் உருவாயின. ஓய்வூதியர் சங்கங்களும் உண்டு. மரணச் சகாய நிதி, மூக்குக்கண்ணாடி, கொடுப்பனவுப் படிவம், ஒக்டோபர் முதலாந் திகதி முதியோர் தின விழா, வசதிப்பட்டால் ஒரு தலயாத்திரை என்று அவை செய்யும் பணிகள் எல்லாம் வேண்டியவையே. ஆனால் இந்த அமைப்புகள் ஒருவரை அவருடைய வயதைக் கொண்டே அழைக்கின்றன. அறுபதைத் தாண்டியவர் என்பதற்கு மேல் அவரைப் பற்றி அறிய அவற்றுக்குத் தேவை இருப்பதில்லை. முப்பது ஆண்டு வாய்க்கால் கரையில் நின்று தண்ணீர் பங்கிட்டவரும், ஆய்வுகூடத்தில் குருதி சோதித்தவரும், தமிழ் இலக்கணம் படிப்பித்தவரும் அங்கே வெறும் முதியோர் ஆகிவிடுகிறார்கள். வயதை வைத்துக் கூட்டும் சங்கத்தால் நலன் பேண முடியும். ஆனால், ஒரு மனிதரை மறுபடியும் சிந்திக்கிறவராக, தேடுகிறவராக நிற்கவைக்க ஒரு பொருளில் விருப்பங் கொண்டவர்கள் தாமாகக் கூடும் சிறு வட்டம் வேண்டும். கிளிநொச்சியில் அத்தகைய வட்டங்கள் தோன்றுவது அவர்களுடைய நலனுக்கு மட்டுமன்றி இந்த மாவட்டத்தின் அறிவுக்கே அவசியம் என்பதுதான் இன்று நான் நிறுவ முயலும் கருத்து.

முதலில் உலக அனுபவத்தைப் பார்ப்போம். 1973இல் பிரான்சின் துலூஸ் நகரில் பியர் வெலாஸ் என்ற பேராசிரியர் ‘மூன்றாம் பருவப் பல்கலைக்கழகம்’ ஒன்றைத் தொடங்கினார். பல்கலைக்கழகமே முதியவர்களுக்குக் கதவு திறந்து விரிவுரை நடத்துவது அந்த முறை. 1981-82இல் அது இங்கிலாந்தின் கேம்பிரிஜுக்கு வந்தபோது முற்றாக உருமாறியது. வரலாற்றாசிரியர் பீற்றர் லாஸ்லெற்றும் அவருடன் நின்ற மைக்கேல் யங், எரிக் மிட்வின்ரர் ஆகியோரும் விரிவுரையாளர் வேண்டாம், சான்றிதழ் வேண்டாம், பரீட்சையும் வேண்டாம் என்றார்கள். உழைத்து இளைப்பாறிய ஒரு தலைமுறையிடம் எல்லாத் துறை அறிவும் ஏற்கெனவே இருக்கிறது, அவர்களே ஒருவருக்கொருவர் ஆசிரியரும் மாணவருமாக இருக்கட்டும் என்பது அவர்களின் வாதம். இன்று பிரித்தானியாவில் அந்த முறையில் ஆயிரம் அளவிலான கிளைகள் இயங்குகின்றன. ஒவ்வொரு கிளையும் நிலவியல், கவிதை, உள்ளூர் வரலாறு, பறவை என்று பொருள்வாரியான சிறு குழுக்களாகப் பிரிந்து, பெரும்பாலும் உறுப்பினர் வீடுகளிலும் ஊர் மண்டபங்களிலும் கூடுகிறது. இந்த இரண்டாவது முறைதான் நமக்குப் பொருந்தும். கிளிநொச்சி அறிவியல் நகரில் பல்கலைக்கழக வளாகம் இருக்கிறதே, அங்கே வாரம் ஒரு விரிவுரை வைத்தால் போதாதா என்று கேட்கலாம். விரிவுரையில் ஒருவர் பேச நூறு பேர் கேட்பார்கள். காது மந்தமானவர் பின்வரிசையில் பேசாமல் இருந்துவிட்டு எழுந்து போவார். எட்டுப் பேர் சுற்றியிருக்கும் மேசையில் அவர் “என்ன சொன்னனீங்கள், திருப்பிச் சொல்லுங்கோ” என்று கேட்க முடியும்.

கூடிப் பேசுவது மட்டும் போதாதா, பொருள் எதற்கு என்பது அடுத்த கேள்வி. 2014இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் டெனிஸ் பார்க் என்ற உளவியலாளரும் அவரது குழுவினரும் வெளியிட்ட ஆய்வொன்று இதற்கு ஓரளவு விடை தருகிறது. அறுபது முதல் தொண்ணூறு வயது வரையானவர்களில் ஒரு பகுதியினர் மூன்று மாதம், வாரத்துக்குப் பதினைந்து மணித்தியாலம் வரை, எண்ணிமப் புகைப்படக்கலை அல்லது துணித்துண்டுகளை இணைத்துப் போர்வை தைக்கும் கலையைப் புதிதாகக் கற்றார்கள். இன்னொரு பகுதியினர் அதே அளவு நேரம் கூடிக் கதைத்தார்கள், விளையாடினார்கள், சுற்றுலா போனார்கள். நினைவாற்றல் முன்னேற்றம் புதிதாகக் கற்றவர்களிடமே தெளிவாகத் தெரிந்தது. ஓர் ஆய்வை வைத்து எல்லோருக்கும் மருந்துச்சீட்டு எழுதமுடியாது. எனினும் மறதிநோய் பற்றிய லான்செற் ஆணைக்குழுவின் 2024ஆம் ஆண்டு அறிக்கையும் இதே திசையைக் காட்டுகிறது. மறதிநோயின் ஏறக்குறைய 45 வீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ கூடிய பதினான்கு காரணிகளை அது குறிப்பிடுகிறது. குறைந்த கல்வி, கேட்டல் குறைபாடு, தனிமைப்படல் ஆகியவை அவற்றுள் அடங்கும். பிள்ளைகள் கனடாவிலும் சுவிசிலும் இருக்க, பெரிய வீட்டில் தனியே இருக்கும் தாய் தந்தையர் நிறைந்த வடக்கில் இது அலட்சியம் செய்யக்கூடிய செய்தி அன்று.

இது வெள்ளைக்காரர் கண்டுபிடித்த முறை, நமக்கு ஒட்டாது என்று யாரும் எண்ணவேண்டாம். ஈழத்துக் கோயில்களின் புராண படனத்தை நினைத்துப் பாருங்கள். ஒருவர் கந்தபுராணச் செய்யுளைப் பண்ணோடு வாசிப்பார். மற்றவர் பயன் சொல்வார். சுற்றியிருந்தவர்களில் எழுத்தறியாத கமக்காரரும் இருந்தனர். ஆண்டுதோறும் அதே நூலைக் கேட்டு, பயன் சொன்னவர் ஓரிடத்தில் வழுக்கினால் கண்டுகொள்ளும் அளவுக்கு அவர்கள் தேர்ந்திருந்தார்கள். கந்தபுராண கலாசாரம் என்று பண்டிதமணி கணபதிப்பிள்ளை பெயரிட்டது இந்தக் கூட்டுக் கல்வியையும் உள்ளடக்கிய ஒரு வாழ்க்கை முறையைத்தான். பின்னர் வாசிகசாலைகளும் சனசமூக நிலையங்களும் அந்த இடத்தைப் பத்திரிகை வாசிப்பாலும் அரசியல் விவாதத்தாலும் நிரப்பின. வன்னியில் இந்த மரபு அறுந்தது மக்கள் சோம்பியதால் அல்ல. போரால் 1996இல் கிளிநொச்சி இடம்பெயர்ந்தது. 2008-09இல் முழு மாவட்டமும் இடம்பெயர்ந்து செட்டிகுளம் முகாம்கள் வரை போனது. திரும்பி வந்தவர்களின் கையில் கூரையும் கிணறும் தேடும் வேலை இருந்தது, வாசிகசாலை நினைவில் வரும் வரிசையில் கடைசியாக இருந்தது. அது இயல்பு. ஆனால் மீள்குடியேறிப் பதினைந்து ஆண்டுகள் ஆகிவிட்டன.

இனி, இந்த மாவட்டத்தின் அறிவுக்கே இது அவசியம் என்று சொன்னதற்கு வருகிறேன். நமது ஊர்களின் எழுத்துப் பதிவுகள் இடப்பெயர்வுகளில் பெரும்பாலும் அழிந்தன. பாடசாலைச் சம்பவத்திரட்டுப் புத்தகம், சங்கக் கூட்ட அறிக்கை, திணைக்களக் கோவை, வீட்டுப் பெட்டியில் இருந்த காணி அனுமதிப்பத்திரம் எல்லாம் போயின. எஞ்சியிருக்கும் ஆவணக்காப்பகம் அறுபதும் எழுபதும் கடந்தவர்களின் தலைக்குள் இருக்கிறது. 2022இல் அறுபத்தைந்தாக உயர்த்தப்பட்ட அரச ஊழியர் ஓய்வு வயது மீண்டும் அறுபதாக்கப்பட்டபோது, சில துறையினர் நீங்கலாக, அந்த வயதைக் கடந்த அனைவரும் ஆண்டிறுதியோடு ஒரேயடியாக வெளியேறினார்கள். போருக்கு முன்னரும் போரின் போதும் அலுவலகங்களை நடத்தியவர்கள் அவர்களுக்குள் இருந்தார்கள்.

இரணைமடுவை எடுத்துக்கொள்ளுங்கள். சென்ற நூற்றாண்டின் முதல் இரு தசாப்தங்களில் கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய குளம். 1930களில் தொடங்கிய குடியேற்றத் திட்டமும் அதன்பின் வந்த உருத்திரபுரம், வட்டக்கச்சி, முரசுமோட்டைக் குடியேற்றங்களும் அதை நம்பியே எழுந்தன. யாழ்ப்பாணத்துக்கு அதன் தண்ணீரைக் குடிநீராகக் கொண்டுசெல்லும் திட்டம் 2010க்குப் பின் பெரும் விவாதமானது. கமக்காரர் மறுத்தார்கள், பேச்சு ஆண்டுக்கணக்கில் நீண்டது, ஈற்றில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைந்து 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. அந்த விவாதம் முழுவதற்கும் அடியில் கிடந்த கேள்வி எளிமையானது: குளம் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வான் பாய்கிறது, பாய்ந்து கடலுக்குப் போவது எவ்வளவு, சிறுபோகத்துக்குத் தண்ணீர் போதாமல் போன ஆண்டுகள் எவை? குளத்தின் நீர்மட்டம் 34 அடியிலிருந்து 36 அடியாக உயர்த்தப்பட்டு, 2018 டிசெம்பரில் வான்கதவுகள் திறக்கப்பட்ட வேளை வெள்ளம் வந்தபோதும் பழைய வெள்ளங்களின் நினைவு தேவைப்பட்டது. இந்தக் கேள்விகளுக்கு விடை தெரிந்தவர்கள் ஊரில் இருந்தார்கள், ஆனால் ஒவ்வொருவரும் தனித்தனியாக இருந்தார்கள்.

ஒரு வட்டம் கூடினால் என்ன நடக்கும் என்று பாருங்கள். மேசையில் ஒரே கேள்வி: 1970 முதல் 1990 வரை எந்தெந்த ஆண்டில் சிறுபோகம் எவ்வளவு விதைக்கப்பட்டது? முன்னாள் நீர்ப்பாசனத் தொழில்நுட்ப உதவியாளர் ஒருவர் ஓர் ஆண்டைச் சொல்கிறார். கமக்காரர் ஒருவர் மறுக்கிறார். அந்த ஆண்டு தான் வாய்க்காலின் கடைசிப் பங்கில் விதைத்துத் தண்ணீர் வராமல் பயிர் கருகியதாகச் சொல்கிறார். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்கு, தனக்கு இடமாற்றம் வந்த தவணையும் அதுவும் ஒன்றென நினைவு. அவருடைய இடமாற்றக் கடிதம் வீட்டில் இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு அது வருகிறது, ஆண்டு உறுதியாகிறது. மாவட்டச் செயலகத்திலோ கொழும்பிலோ மழைவீழ்ச்சிப் பதிவு கேட்டு ஒரு கடிதம் எழுத முடிவாகிறது. தனி நினைவு தவறும். மூன்று பேரின் நினைவு முட்டி மோதி, ஒரு கடதாசியைத் தொடும்போது அது சான்றாகிறது. இந்த வேலையைப் பேட்டி எடுக்க வரும் மாணவராலும் செய்யமுடியாது, விழாவில் பொன்னாடை போர்த்துவதாலும் செய்யமுடியாது.

பொருள்கள் இன்னும் உண்டு. கோஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள், 1990இல் நின்றுபோன ஆனையிறவு உப்பளத்தின் பாத்தி வேலை தெரிந்தவர்கள் இன்னமும் நம்மிடையே இருக்கிறார்கள். பூநகரியின் தொல்லியலைப் பேராசிரியர் புஷ்பரட்ணம் ஆராய்ந்து நூலாக்கியிருக்கிறார்; அதை வரிவரியாக வாசித்து ஊரின் இடப்பெயர்களோடு ஒப்பிட ஒரு வட்டம் போதும். 1977 வன்செயலின் பின் மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர்களின் வரலாறு தனியே ஒரு வட்டத்துக்கு உரியது, அதை அவர்களே நடத்தவேண்டும். எல்லாமே ஊர் வரலாறாக இருக்கவேண்டும் என்றும் இல்லை. வானியல் படிக்க ஆசைப்படும் இளைப்பாறிய தபாலதிபர் வானியலே படிக்கட்டும்.

எதிர்வாதங்களுக்கு வருவோம். இது ஓய்வூதியம் வாங்கும் உத்தியோகத்தரின் ஆடம்பரம், கூலிக்குப் போய் முதுகு வளைந்தவருக்கு என்ன பயன் என்பது முதலாவது, நியாயமானது. ஆனால் கற்கை வட்டம் செல்வந்தரிடம் பிறந்த ஒன்று அல்ல. சுவீடனில் 1902இல் லுண்ட் நகரில் ஒஸ்கார் ஒல்சன் தொடங்கிய வட்டம் மதுவிலக்கு இயக்கத்துச் சாதாரண மக்களுடையது. ஆசிரியருக்குக் கொடுக்கப் பணமில்லாததால் கூட்டாகப் புத்தகம் வாங்கிக் கலந்துரையாடினார்கள். இரணைமடு வட்டத்தில் கடைசிப் பங்குக் கமக்காரர் இல்லாவிட்டால் அந்த வட்டம் பாதி உண்மையோடுதான் நிற்கும். எழுதத் தெரியாதவர் சொல்ல, தெரிந்தவர் எழுதட்டும். பெண்களுக்கு நேரம் ஏது என்பது அடுத்தது. பேரப்பிள்ளைகளைப் பாடசாலையில் விட்டபின் காலை ஒன்பதரைக்குக் கூடிப் பதினொன்றரைக்குக் கலைந்தால் அவர்களும் வரலாம், பஸ்ஸும் இருக்கும். மாலை ஐந்து மணிக் கூட்டம் ஆண்களின் கூட்டமாகவே முடியும்.

இவற்றைவிடக் கடினமானது பதவியின் நிழல். அதிபராக இருந்தவர் வட்டத்திலும் அதிபராகவே இருப்பார்; அவர் முன் பழைய சிற்றூழியர் வாய் திறக்கமாட்டார். நமது சமூகத்தில் இதற்குச் சாதியும் துணை நிற்கும். இதை நல்லெண்ணத்தால் தீர்க்கமுடியாது, ஒழுங்கால்தான் தீர்க்கவேண்டும்: மேடை, மாலை, வரவேற்புரை கிடையாது, கூட்டத்தை நடத்துபவர் முறைவைத்து மாறுவார், தலைவர் பதவியே இராது. தவறான தகவல் வரலாறாகிவிடும் என்ற அச்சத்துக்கும் ஒழுங்கே மருந்து. எதை யார் சொன்னார், எதைக் கடதாசி உறுதிசெய்தது, எதில் இருவர் முரண்பட்டனர் என்று பிரித்து எழுதினால், முரண்பாடும் பின்னால் வருபவருக்குப் பயன்படும்.

பழையதைப் பேசினால் காயம் திறக்கும், கூட்டம் கூடினால் யாராவது வந்து விசாரிப்பார்கள் என்று தயங்குபவர்களும் உண்டு. இரண்டு அச்சங்களுக்கும் இந்த மண்ணில் காரணம் இருக்கிறது. நான் அவற்றைத் தட்டிக்கழிக்கவில்லை. வாய்க்காலைப் பற்றிப் பேசும்போது இழந்த மகனின் நினைவு வரத்தான் செய்யும். அப்போது பேசுவதா விடுவதா என்பது அவருடைய உரிமை. வட்டம் காத்திருக்கும், வற்புறுத்தாது. விசாரிப்பவர்களிடம் மறைக்க ஒன்றுமில்லை. அடுத்த கூட்டத்தின் கேள்வியையும் நாளையும் நூலகத்தின் அறிவித்தல் பலகையில் முன்கூட்டியே ஒட்டிவிடலாம்.

வரும் காலபோக விதைப்பு முடிந்ததும் ஓய்வு கிடைக்கும் வாரங்களில் ஒரு வட்டத்தை இரணைமடுவில் தொடங்கலாம் என்பது என் முன்மொழிவு. எட்டுப் பேர், ஒரு பொதுநோக்கு மண்டபம், பதினைந்து நாளுக்கு ஒரு கூட்டம், ஒரு குறிப்புப் புத்தகம். பெரிய செலவில்லை, தேநீரும், தூரத்திலிருந்து வருபவருக்குப் பஸ் காசும், நிழற்படப் பிரதி எடுக்கும் செலவும் போதும். ஆண்டு முடிவில் அந்தக் குறிப்பைத் தட்டச்சுச் செய்து ஒரு படியைக் கரைச்சிப் பிரதேச சபை நூலகத்துக்கும், ஒன்றை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சி வளாகத்துக்கும், ஒன்றை நூலகம் நிறுவனத்தின் எண்ணிமச் சேகரத்துக்கும் கொடுக்கவேண்டும். முதற் படியை மட்டும், சொன்னவர்கள் பெயரோடு, கமக்காரர் அமைப்பிடம் ஒப்படைக்கவேண்டும். அடுத்த சிறுபோகக் கூட்டத்தில் அது மேசையில் இருக்கட்டும்.