நாளிட்ட குறிப்பு



படித்த பாடம் மறந்துபோனால் புத்தகத்தைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். ஆனால் நண்பர் ஒருவர் நம்மிடம் சொன்ன துயரத்தை நாம் மறந்துவிட்டால், எந்தப் புத்தகத்தைத் திறப்பது? அத்தகைய புத்தகத்தை நாமே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே இன்று நான் கூற விழைவது.

இது புதிய வழக்கமன்று. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். இன்ன நாளில் இன்னார் வந்தார், இன்னது பேசினார் என்று எழுதி வைத்தமையால், அக்காலப் புதுச்சேரி மாந்தர் இன்றும் நம் முன்னே நடமாடுகின்றனர். நாம் வரலாறு எழுத வேண்டியதில்லை. உற்றாரையும் நண்பரையும் பற்றிச் சில வரிகள் எழுதினால் போதும்.

அதற்குக் கணிப்பொறியிலோ கைபேசியிலோ எழுத்துகள் மட்டுமே கொண்ட எளிய கோப்பு ஒன்று வேண்டும். வண்ணமும் அலங்காரமும் வேண்டா. எளிய கோப்பை எந்தக் கருவியும் திறக்கும். ஒரு செயலி மறைந்தாலும் கோப்பு மறையாது. தமிழை யூனிகோடு முறையில் எழுதுங்கள். முன்னாளில் தனித்தனி எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவை, அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றும்.

ஒவ்வொரு வரியிலும் முதலில் நாள், பிறகு பெயர், பிறகு செய்தி. நாளை ஆண்டு, மாதம், தேதி என்ற வரிசையில் எழுதுங்கள். 1988இல் வெளியான அனைத்துலகத் தரமும் இவ்வரிசையையே கொள்கிறது. ஓர் எடுத்துக்காட்டு:

2023-11-05 தென்காசி மாமா: முழங்கால் அறுவை முடிந்து வீடு திரும்பினார்.
2024-02-18 தென்காசி மாமா: கோலின்றி நடக்கிறார். மகளுக்குத் தேர்வு நெருங்குகிறது.

இவ்வாறு எழுதினால் வரிகளைக் கணிப்பொறியே கால வரிசையில் அடுக்கிவிடும். தேதியை முதலில் எழுதினாலோ ஆண்டுகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். பெயரையும் எப்போதும் ஒரே வகையில் எழுதுக. ஒருநாள் ‘தென்காசி மாமா’ என்றும் மறுநாள் ‘பெரிய மாமா’ என்றும் எழுதினால், தேடும்போது பாதிச் செய்தியே கிட்டும்.

எதை எழுதுவது? ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்கு நிகழ்வுக் குறிப்பு எழுதக் கற்பித்தனர். ‘இவன் சோம்பேறி’ என்று எழுதலாகாது. ‘மூன்று நாளாக வீட்டுப்பாடம் கொண்டுவரவில்லை’ என்று எழுத வேண்டும். முன்னது தீர்ப்பு, பின்னது செய்தி. தீர்ப்பு எழுதியவுடன் நம் மனம் மூடிக்கொள்கிறது. செய்தியோ ‘ஏன்?’ என்று கேட்கத் தூண்டுகிறது. அம்மூன்று நாளும் அவன் நோயுற்ற தாய்க்குத் துணையாக இருந்திருக்கலாம் அல்லவா?

‘அன்பிருந்தால் நினைவிருக்காதா? குறிப்பெதற்கு?’ என்று நீங்கள் கேட்கலாம். அன்பு நெஞ்சின் குணம். நினைவு மூளையின் தொழில். முன்னது குறையாதபோதும் பின்னது தளரும். என் பழைய மாணவர் ஒருவர் நெடுநாள் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார். கோப்பைப் பார்த்தேன், முந்திய ஆண்டு அவர் தந்தை காலமான செய்தி அதில் இருந்தது. “அம்மா தனிமையை எப்படித் தாங்குகிறார், தம்பி?” என்றேன். சற்று மௌனமாக இருந்துவிட்டு, “எல்லாரும் அப்பா சுகமா என்றே கேட்கிறார்கள், ஐயா. நீங்கள்தாம் அம்மாவைக் கேட்டீர்கள்” என்றார்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. பிறர் நம்மை நம்பிச் சொன்னது அடைக்கலப் பொருள். கோப்பைக் கடவுச்சொல்லிட்டுக் காத்திடுக. நகலொன்றும் பத்திரமாக வைத்திடுக. பிறருடைய மறைபொருளை அதில் எழுதாதீர்கள். குறிக்கப்பட்டவரே படித்தாலும் நாம் நாணாத வகையில் ஒவ்வொரு வரியும் அமையட்டும்.

இன்றிரவு ஒரே ஒரு வரி எழுதுங்கள். இன்று உங்களோடு பேசியவர் சொன்னவற்றுள் எதை மீண்டும் நலம் விசாரிக்க வேண்டுமோ, அதை எழுதுங்கள். அவரை அடுத்த முறை காணும்போது மறவாது கேளுங்கள். எழுதியதன் பயன் அக்கேள்வியிலேயே இருக்கிறது.