காவலூரின் அழுகையும் மீளா நாட்டின் இருளும்



கொள்ளிடத்தின் வடகரையில் அமைந்த ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டுப் பாடியவர் வீரமாமுனிவர். இத்தாலி நாட்டில் 1680ஆம் ஆண்டு பிறந்து, 1711ஆம் ஆண்டளவில் தமிழகம் வந்து சேர்ந்த கான்சுடான்சு சோசப்பு பெசுகியின் பெயர் இவ்வூரோடு ஒன்றிவிட்டது. அடைக்கல அன்னையின் திருத்தலம் என்றும், கலம்பகம் பெற்ற ஊர் என்றும் ஏலாக்குறிச்சியைப் போற்றுவோர் பலர். அம்முனிவரின் பாக்களில் சாவும் அழுகையும் எத்துணை இடம் பெற்றுள்ளன என்பதை எண்ணிப் பார்த்தோர் சிலரே. தேம்பாவணியில் ஒரு மகன் தாயைப் புதைத்துப் புலம்புகிறான். அன்னை அழுங்கல் அந்தாதியில் ஒரு தாய் மகனை இழந்து புலம்புகிறாள். இறந்தோர் உயிர்த்தெழுவர் என்பதை உயிர்க்கொள்கையாகக் கொண்ட துறவி ஒருவர் இப்படி அழவைக்கலாமா? மறுமையில் உறுதி உள்ளவனுக்கு ஒப்பாரி எதற்கு? இவ்வினாவே இவ்வுரையின் பொருள்.

விடை தேடுவதற்கு முன், மறுமையில் எவ்வகை நம்பிக்கையும் இல்லாத மாந்தர் எவ்வாறு அழுதனர் என்று காண்பது பயன் தரும். அத்தகையோர் மெசபொத்தேமியர். யூப்ரடீசு, டைகிரிசு ஆறுகளுக்கு இடைப்பட்ட நிலத்தில் வாழ்ந்த சுமேரியரும் அக்காடியரும் இறந்தோர் புகும் உலகை மீளா நாடு என்றே வழங்கினர். அதற்கு ஏழு வாயில்கள். எரேசுகிகால் என்பவள் அதன் அரசி. அங்கே ஒளி இல்லை. புழுதியே உணவு, களிமண்ணே சோறு. இறந்தோர் பறவைகளைப் போல இறகாடை போர்த்து இருளில் அமர்ந்திருப்பர். கில்காமேசு காப்பியத்தில், சாகக் கிடக்கும் எங்கிடு தன் கனவில் இவ்வுலகைக் காண்கிறான். மண்ணை ஆண்ட மன்னர்களின் முடிகள் அங்கே குவிந்து கிடக்கின்றன. பூசை செய்தோரும் அங்கேதான் இருக்கின்றனர். நல்லோர்க்குத் துறக்கம், தீயோர்க்கு நரகம் என்ற பிரிவினை அங்கே இல்லை. அறம் செய்தவனுக்கும் செய்யாதவனுக்கும் அதே புழுதிதான். இதனினும் கொடிய சமத்துவம் வேறில்லை.

எனினும் அம்மக்கள் இறந்தோரைக் கைவிடவில்லை. கிசுப்பு என்னும் சடங்கில், இறந்தோரின் பெயரைச் சொல்லி அழைத்து, உணவு படைத்து, நீர் வார்த்தனர். நிலவு மறையும் நாள் அதற்கு உரியதாகக் கொள்ளப்பட்டது. மூத்த மகனே இக்கடனைச் செய்ய வேண்டியவன். வீட்டுத் தரைக்கு அடியிலேயே முன்னோரைப் புதைத்த குடும்பங்களும் இருந்தன. எங்கிடுவைப் பற்றிய பழைய சுமேரியப் பாடல் ஒன்றில் பாதாளத்தின் நிலை விரித்துரைக்கப்படுகிறது. அங்கு ஒருவனது நிலை அவன் செய்த அறத்தைப் பொறுத்ததன்று. பெற்ற பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. நீர் வார்க்க ஒருவரும் இல்லாதவனின் ஆவி, தெருவில் எறிந்த எச்சிலைத் தின்னும். அதாவது, இறந்தோரின் வாழ்வு இருப்போரின் நினைவைத் தொங்கிக்கொண்டிருக்கிறது.

தமிழர்க்கு இது புதுமையன்று. அமாவாசைத் தர்ப்பணமும், இல்வாழ்வானின் கடமைகளுள் தென்புலத்தாரை வைத்த வள்ளுவமும் உடனே நினைவுக்கு வரும். ஆனால் ஒற்றுமை கண்ட மாத்திரத்தில் உறவு கட்டிவிடுதல் ஆய்வு ஆகாது. சுமேரியத்தையும் தமிழையும் ஒரே தொட்டிலில் இட்டுத் தாலாட்டும் நூல்களுக்குக் குறைவில்லை; அவ்வழி இங்கு வேண்டா. இறந்தவனுக்குப் பசிக்குமோ என்ற கவலை எந்நாட்டுத் தாய்க்கும் மனைவிக்கும் தோன்றக்கூடியதே.

அக்கவலையைத் தமிழில் ஈடிணையின்றிப் பாடியவர் வெள்ளெருக்கிலையார். வேள் எவ்வி இறந்தபின் அவன் மனைவி சிறிதளவு நிலத்தை மெழுகி, புல்லின்மேல் ஒரு சிறு பிண்டம் வைக்கிறாள். பெண் யானையின் அடி அளவே அவ்விடம். வாயிலைத் திறந்து வைத்துப் பலரோடு கூடி உண்டு பழகியவன் இதனை எப்படி உண்பான் என்று புலவர் நோகிறார். புறநானூற்றின் 234ஆம் பாட்டு இது. வேள் எவ்வி வானுலகம் சென்றான் என்று சொல்லி ஆறுதல் தேட இப்புலவர் முயலவில்லை. யானையடி அளவான நிலத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். கையறுநிலை என்னும் துறையின் வலிமை இந்தப் பார்வையில் உள்ளது.

இனி, இயற்கையிடம் முறையிடும் பாங்கு. எங்கிடு இறந்ததும் கில்காமேசு ஆறு பகலும் ஏழு இரவும் உடலை விடாமல் அழுகிறான். மூக்கிலிருந்து புழு விழுந்த பின்னரே புதைக்க இசைகிறான். அவன் புலம்பலில் தேவதாருக் காட்டின் வழிகளும், மலைகளும், காட்டு விலங்குகளும், யூப்ரடீசு ஆறும் அழுமாறு அழைக்கப்படுகின்றன. அது அரசனின் அழைப்பு, ஏறக்குறைய ஆணை.

குடவாயிற் கீரத்தனார் வேறு வழியில் செல்கிறார். ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் மாய்ந்தபின், பூத்து நிற்கும் முல்லையை நோக்கி, இந்நாட்டில் இன்னும் பூக்கத்தான் வேண்டுமா என்று கடிகிறார். சூடுவோர் எவரும் இல்லை. இங்கே இயற்கை அழவில்லை; அது தன்போக்கில் பூக்கிறது. பூக்கிறதே என்பதுதான் வலி. கில்காமேசின் ஆணையைக் காட்டிலும் இந்தச் சிறு கடிதல் ஆழமாகப் பாய்கிறது என்று சொல்வதில் தமிழ்ப்பற்று மட்டும் இல்லை.

வீரமாமுனிவரின் தேம்பாவணி, 1726ஆம் ஆண்டினது. மூன்று காண்டங்கள், 36 படலங்கள், 3615 பாடல்கள். சூசையப்பரே தலைவர். அவர் வானுலகில் முடிசூடுவதோடு காப்பியம் நிறைவுறுகிறது. ஆகவே நூலின் முடிவில் நம்பிக்கைக்குக் குறைவில்லை. ஆயினும் இடையில், திருமுழுக்கு யோவானாகிய கருணையன், கானகத்தில் தாய் எலிசபெத்தை இழக்கும் பகுதியைப் பாருங்கள். பத்தாம் வகுப்புப் பாடநூலில் இடம்பெற்றமையால் மாணவரும் அறிந்த பகுதி இது. கருணையன் மண்ணைத் தாயாக விளித்து, தன் தாயின் உடலைக் காக்குமாறு வேண்டுகிறான். குழியில் மலர்ப் படுக்கை பரப்புகிறான். மண்ணிட்டு மூடியபின் மேலும் மலரையும் கண்ணீரையும் சொரிகிறான். அதன்பின் அவன் புலம்புவது என்ன? உணவைத் தேடத் தெரியாது என்கிறான். காட்டில் செல்லும் வழி தெரியாது என்கிறான். பெரும் இறைவாக்கினராக வளரவிருப்பவர் இங்கே பசிக்கும் பிள்ளையாக நிற்கிறார். தாய் விண்ணகம் சேர்ந்தாள் என்பது அவனுக்கும் தெரியும், பாடிய முனிவருக்கும் தெரியும். நாளைக்கு உணவு எங்கே என்ற வினாவிற்கு அந்த அறிவு விடையாகவில்லை. முடிவில் மரங்களின் பூங்கொத்துகளும் சுனையின் மலர்களும் புட்களும் வண்டுகளும் சேர்ந்து, காடே அழுவது போல ஒலிக்கின்றன. கில்காமேசு கேட்டது கிடைத்ததோ இல்லையோ, கருணையன் கேளாமலே காடு அழுதது. கீரத்தனாரின் முல்லைக்கு மறுமொழி தருவது போன்றதொரு காடு இது.

அன்னை அழுங்கல் அந்தாதியைப் பற்றி ஒன்றே கூறலாம். போற்றிப் பாடுதற்கே பெரிதும் பயன்பட்ட யாப்பு வடிவம் அந்தாதி. ஒரு பாட்டின் இறுதி அடுத்த பாட்டின் முதலாகும். கடைசிப் பாட்டின் இறுதி மீண்டும் முதற்பாட்டின் தொடக்கத்தில் சென்று சேரும். மகனைப் பறிகொடுத்த தாயின் அழுகையை முனிவர் இவ்வடிவத்தில் வைத்தார். மூன்றாம் நாள் உயிர்ப்பு உண்டு என்பது அவர் சமயத்தின் அடித்தளம். ஆனால் அவர் தேர்ந்த வடிவத்தில் அழுகைக்கு முடிவே இல்லை. ஓய்ந்தது என்று நினைக்கும் சொல்லில் மறுபடி தொடங்குகிறது. இழவு வீட்டில் ஒருத்தி நிறுத்திய இடத்தில் மற்றொருத்தி எடுத்துப் பாடுவதைக் கேட்டவர்களுக்கு இதன் பொருத்தம் விளங்கும்.

ஆக, மெசபொத்தேமியர் நம்பிக்கையின்றி அழுதனர். வெள்ளெருக்கிலையார் ஐயத்தோடு அழுதார். காவலூர்ப் புலவர் முழு நம்பிக்கையோடு அழுதார். கண்ணீரின் அளவு குறையவில்லை.

இது இலக்கிய வட்டங்களுக்கு நேரடியாகத் தொடர்புள்ள செய்தி. உறுப்பினர் ஒருவர் மறைந்தால் படத்திறப்பு நிகழ்கிறது, இரங்கற்பாக்கள் படிக்கப்படுகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை முதலடியிலேயே மறைந்தவரை விண்ணகத்திற்கு அனுப்பிவிடுகின்றன. கம்பனும் பாரதியும் அவரை அங்கே வரவேற்கின்றனர். இயற்கை எய்தினார், இறைவனடி சேர்ந்தார், புகழுடம்பு எய்தினார் என்ற தொடர்களால் நான்கு விருத்தங்கள் நிறைகின்றன. பெயரை மாற்றினால் எந்த மறைவிற்கும் அப்பாக்கள் பொருந்தும். யாப்புப் பிழை இல்லாமல் இருக்கலாம். இறந்தவர் அங்கே இல்லை. அவர் கூட்டத்திற்கு முதல் ஆளாக வந்து பாய் விரித்ததும், எதுகை தவறினால் முகம் சுளித்ததும், இரவுப் பேருந்தைத் தவறவிட்டுத் திண்ணையில் உறங்கியதும் எப்பாட்டிலும் இல்லை. மறுமை உறுதியைச் சொல்லுவது குற்றமன்று. அழ வேண்டிய இடத்தைத் தாண்டிச் செல்வதற்கு அதை ஏணியாக்குவதே குற்றம். வீரமாமுனிவரினும் மிகுந்த மறுமைப் பற்று இரங்கற்பாக் கவிஞர்க்கு இருத்தல் அரிது; அவரே அந்த ஏணியில் ஏறவில்லை.

கில்காமேசு காப்பியத்தின் பன்னிரண்டாம் பலகையில், எங்கிடுவின் ஆவி பாதாளத்திலிருந்து ஒரு துளை வழியே மேலே வருகிறது. நண்பர் இருவரும் தழுவிக்கொள்கின்றனர். கீழுலகின் நடைமுறை என்ன என்று கில்காமேசு கேட்கிறான். எங்கிடு தயங்குகிறான், சொன்னால் நீ உட்கார்ந்து அழ நேரிடும் என்கிறான். கில்காமேசு வேறு ஆறுதல் எதுவும் வேண்டவில்லை. உட்கார்ந்து அழுகிறேன், சொல் என்று கேட்டு, அமர்கிறான்.