புலப்படம் கம்ப்யூட்டருக்குள் போகும்போது

(வள்ளியூரில் மில் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலியைப் பற்றியும் போனஸைப் பற்றியும் இந்த மேடையில் நிறையப் பேசியாகிவிட்டது. இன்று நாம் பேசப்போவது கோட்டைப் பற்றி. காகிதத்தில் போட்ட கோடு கம்ப்யூட்டருக்குள் போகிறது. ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறது. போகிற வழியில் கொஞ்சம் நகர்கிறது, கொஞ்சம் வளைகிறது, சில சமயம் காணாமலே போய்விடுகிறது. அப்படி நகரும்போது யாருடைய நிலம் குறைகிறது? யாருடைய வேலை போகிறது? இதுதான் விஷயம்.

"இது இன்ஜினீயர் விவகாரம், நமக்கென்ன?" என்று சில தோழர்கள் கேட்கலாம். ராதாபுரம் தாலுகாவில் மூன்று சென்ட் வீட்டுமனைப் பட்டா வைத்திருக்கும் விவசாயத் தொழிலாளிக்குச் சொத்து என்பது என்ன? நாலு கல், ஒரு படம். மில்லில் ஃபிட்டர் வேலை செய்யும் தோழருக்கு முன்னால் மேஜையில் கிடப்பது என்ன? அதுவும் ஒரு படம். இரண்டு படமும் இன்று கம்ப்யூட்டருக்குள் போய்விட்டன. இரண்டுக்கும் நேருகிற கதி ஒன்றுதான்.

முதலில் வயலுக்குப் போவோம்.

ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் ஒரு புலப்படம் உண்டு. தாலுகா ஆபீஸில் எஃப்.எம்.பி. என்பார்கள். பழைய சங்கிலி 66 அடி நீளம். அதில் 100 கண்ணி. ஒரு கண்ணி 7.92 அங்குலம். ஆயிரம் சதுரக் கண்ணி சேர்ந்தால் ஒரு சென்ட். அந்தச் சங்கிலியை வெயிலில், உடைமுள்ளுக்கும் கள்ளிக்கும் நடுவே இழுத்துக்கொண்டு போனவர்கள் நம்முடைய ஜனங்கள்தான். படத்தில் கையெழுத்து மட்டும் சர்வேயருடையது.

அளந்தது எப்படி? மூலைக் கற்களைக் குறுக்கே இணைத்து வயலை முக்கோணங்களாகப் பிரித்தார்கள். ஏன் முக்கோணம்? நாலு கம்பை மூலைக்கு மூலை கட்டிப் பாருங்கள், சட்டம் ஆடும். குறுக்கே ஒரு கம்பைக் கட்டுங்கள், ஆடாது. மூன்று பக்கத்தின் நீளம் தெரிந்துவிட்டால் முக்கோணத்தை எவரும் அசைக்க முடியாது. வரப்பு நெளிகிற இடங்களுக்கு, அந்த நேர்கோட்டில் இத்தனையாவது அளவில் நின்று செங்குத்தாக இத்தனை தூரம் என்று குறித்துக்கொண்டார்கள். அந்தக் குறிப்பு பார்வைக்கு ஏணி மாதிரி இருக்கும். அதனால் அதற்கு ஏணி என்றே பெயர்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தப் படத்தின் உயிர் கோட்டில் இல்லை, எண்ணில் இருக்கிறது. ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் வரைந்த படத்தில் பேனாக் கோடு அரை மில்லிமீட்டர் கனம் என்றால், தரையில் அது அரை மீட்டர். அதாவது அந்த மைக்கோட்டுக்கு உள்ளேயே ஒரு வரப்பு ஒளிந்துகொள்ளும். படத்தின் மேல் இன்னொரு காகிதத்தை வைத்து நகல் இழுத்தால் தவறு கூடிக்கொண்டே போகும். எண்ணைப் பார்த்துப் புதிதாக வரைந்தால் தவறு கூடாது.

தமிழ்நாட்டில் புலப்படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்கு மத்திய சர்க்காரின் தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய கொலாப்லேண்ட் என்ற புரோகிராம் பயன்படுகிறது. ஏணி எண்களை அதில் எழுதிக் கொடுத்தால் அதுவே வரைந்துவிடும். இது நல்ல முறை, குறை சொல்வதற்கில்லை. ஒரு நகலுக்காக நாலு நாள் கூலியை விட்டுத் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்ற காலம் நமக்குத் தெரியும். இன்று பட்டாவும் படமும் இணையத்தில் கிடைக்கின்றன. அந்த வசதியை நாம் விட்டுக்கொடுக்க மாட்டோம்.

ஆனால் எண் தப்பானால்? அல்லது எண் சரியாக இருந்து, அலகு மாறினால்?

1979 முதல் 1987 வரை யு.டி.ஆர். என்ற நிலப்பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. ஏக்கர், சென்ட் போய் ஹெக்டேர், ஏர் வந்தது. (ஏர் என்றால் உழுகிற ஏர் அல்ல, நூறு சதுர மீட்டர். பெயர் வைத்தவர்கள் தமிழ் அறியாதவர்கள்!) மூன்று சென்ட் என்பது 1.214 ஏர். இதைக் கணக்கு வசதிக்காக அரை ஏருக்குத் திருத்தி எழுதினால் 1.0 ஏர் என்றாகிவிடும். 21 சதுர மீட்டர், அதாவது அரை சென்ட்டுக்கு மேல், பேனா முனையில் ஆவியாகிவிடும். நாற்பது ஏக்கர்க்காரருக்கு அதே திருத்தத்தில் போவது அவர் வீட்டுத் திண்ணையளவு. விதி எல்லோருக்கும் ஒன்றுதான். அடி மட்டும் ஒருவருக்கே விழுகிறது.

அடுத்த கட்டம் இன்னும் சிக்கலானது. ஒவ்வொரு புலப்படமும் தனித் தீவு. பக்கத்து வயல் எங்கே இருக்கிறது, பூமியின் மேல் தான் எந்த இடத்தில் கிடக்கிறோம் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. இந்தத் தீவுகளைக் கம்ப்யூட்டரில் ஒட்டிக் கிராம வரைபடம் ஆக்கும்போது வாய்க்கால் போல இடைவெளி விழுகிறது, அல்லது ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிறது. பொது வரப்பு ஒன்று. அது ஒரு படத்தில் 212.4 மீட்டர், பக்கத்துப் படத்தில் 211.8 என்று வைத்துக்கொள்வோம். 60 சென்டிமீட்டர் வித்தியாசம். கம்ப்யூட்டர் என்ன செய்யும்? ரப்பர் துணியை இழுப்பதுபோல ஒன்றை இழுத்து, ஒன்றைச் சுருக்கிப் பொருத்தும். எதை இழுப்பது, எதைச் சுருக்குவது? அது யந்திரத்தின் முடிவல்ல. முன்னால் உட்கார்ந்திருக்கும் மனிதனின் முடிவு, அவனுக்கு உத்தரவு போட்டவரின் முடிவு.

30 அடிக்கு 43.5 அடி மனை, மூன்று சென்ட். அதன் நீண்ட பக்கத்தில் 60 சென்டிமீட்டர் உள்ளே வந்தால் எட்டு சதுர மீட்டர் போகிறது. ஒரு சென்ட்டில் ஐந்தில் ஒரு பங்கு. குளிக்கக் கட்டிய ஓலை மறைப்பு அடுத்தவர் நிலத்தில் நிற்பதாகப் படம் சொல்லும். கல் அசையவில்லை, சுவர் அசையவில்லை. கோடு மட்டும் அசைந்தது.

இத்தோடு முடியவில்லை. கால்வாய் வெட்டுகிறார்கள், ரோடு போடுகிறார்கள், காற்றாலை நடுகிறார்கள். தாமிரபரணி–கருமேனியாறு–நம்பியாறு இணைப்புக் கால்வாய் 2009-ல் தொடங்கி நம்முடைய தாலுகா வழியாகத்தான் வந்தது. நீளம் சுமார் 75 கிலோமீட்டர். எந்தக் கால்வாயானாலும் அதை இன்ஜினீயர் வரைவது 'கேட்' என்ற யந்திர வரைபடப் புரோகிராமில். நிலத்தின் படம் இருப்பது வேறொரு புரோகிராமில். ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்த்தால்தான் எந்த சர்வே நம்பரில் எத்தனை சென்ட் போகிறது, யாருக்கு எவ்வளவு நஷ்ட ஈடு என்று தெரியும். ஆகவே இந்தப் புரோகிராம் எழுதியதை அந்தப் புரோகிராம் படிக்க வேண்டும். அங்கேதான் சங்கடம் ஆரம்பம்.

இதைப் புரிந்துகொள்ள வயலை விட்டு மில்லுக்குள் வருவோம்.

1962-ல் கோயம்புத்தூரில் லட்சுமி மிஷின் ஒர்க்ஸ் தொடங்கியபோது ஸ்விட்சர்லாந்தின் ரீட்டர் கம்பெனியோடு தொழில்நுட்ப ஒப்பந்தம் இருந்தது. அந்நாளில் கடல் கடந்து வரும் யந்திரப் படம் என்றால் அது காகிதம். வட்டம் என்று போட்டு, விட்டம் இத்தனை என்று எழுதியிருந்தால் எந்த நாட்டுத் தொழிலாளிக்கும் புரியும். கம்ப்யூட்டர் வந்த பிறகு ஒவ்வொரு கம்பெனியும் தன் படத்தைத் தனக்கு மட்டுமே தெரிந்த பாஷையில் எழுதத் தொடங்கியது. அமெரிக்காவின் ஆட்டோடெஸ்க் கம்பெனி 1982-ல் ஆட்டோகேட் என்ற புரோகிராமைக் கொண்டுவந்தது. அதன் சொந்தப் பாஷையான டி.டபிள்யூ.ஜி.யின் இலக்கணத்தைக் கம்பெனி வெளியிடவில்லை. மற்றவர்களோடு பரிமாறிக்கொள்ள டி.எக்ஸ்.எஃப். என்று இன்னொன்றை வெளியிட்டது. டி.டபிள்யூ.ஜி.யின் பூட்டை ஆராய்ந்து திறப்பதற்கென்றே 1998-ல் பல கம்பெனிகள் கூட்டு அமைக்க வேண்டி வந்தது.

பாஷை மாறும்போது என்ன ஆகிறது? ஒரு புரோகிராம் வட்டத்தை, நடுப்புள்ளி இங்கே, ஆரம் 100 மில்லிமீட்டர் என்று எழுதி வைத்திருக்கிறது. வாங்கிக்கொள்ளும் புரோகிராமுக்கு நேர்கோடு மட்டுமே தெரியும் என்றால் வட்டத்தை 24 நேர்கோடுகளாக உடைத்துக்கொள்ளும். கண்ணுக்கு வட்டமாகவே தெரியும். ஆனால் ஒவ்வொரு கோட்டின் நடுவிலும் 0.86 மில்லிமீட்டர் உள்வாங்கியிருக்கும். பேரிங் உட்காரும் இடத்தில் 0.86 மில்லிமீட்டர் என்றால் என்ன அர்த்தம் என்று ஃபிட்டர் தோழர்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை!

இன்னொன்று, அலகு. படத்தில் 10 என்று இருக்கிறது. மில்லிமீட்டரா, அங்குலமா? கோப்பு அதைச் சொல்லாமல் வந்தால் யந்திரம் தானாக ஊகிக்கும். ஊகம் தப்பினால் பொருள் 25.4 மடங்கு பெருக்கும், அல்லது சிறுக்கும்.

பணகுடி பக்கம் சுற்றுகிற காற்றாலை இறக்கையைப் பாருங்கள். எங்கேயாவது நேர்கோடு உண்டா? அப்படிப்பட்ட வளைவை எண்ணால் எழுதும் கணக்கைப் பிரான்ஸ் நாட்டில் சிட்ரோயன் மோட்டார் கம்பெனியில் வேலை பார்த்த போல் தெ காஸ்தல்ஜோ 1959-லேயே கண்டுபிடித்தார். கம்பெனி அதைத் தொழில் ரகசியம் என்று பூட்டி வைத்தது. போட்டிக் கம்பெனியான ரெனோவில் பியேர் பெசியே அதே வளைவுக்கு வேறு வழியில் வந்து வெளியிட்டார். இன்று உலகம் முழுதும் அந்த வளைவுக்குப் பெசியே வளைவு என்றே பெயர். கண்டுபிடித்தவரின் பெயர் கம்பெனிப் பெட்டிக்குள் கிடந்தது.

பொதுப் பாஷைக்கான முயற்சி நடக்காமல் இல்லை. 1980-ல் அமெரிக்காவில் ஐஜெஸ் என்ற முறை வந்தது. 1994-ல் ஐ.எஸ்.ஓ. என்ற சர்வதேசத் தர நிர்ணய ஸ்தாபனம் ஸ்டெப் என்ற முறையை வெளியிடத் தொடங்கியது. ஸ்டெப் நல்ல முறை. ஆனால் சாதாரணமாக அதில் வந்து சேர்வது பானை மட்டும்தான்; வனைந்த பக்குவம் வருவதில்லை. ஒரு துளையை இரண்டு மில்லிமீட்டர் தள்ள வேண்டுமென்றால், அனுப்பியவருடைய புரோகிராமில் ஒரு எண்ணை மாற்றினால் போதும். வாங்கியவர் அந்த இடத்தை அடைத்து மறுபடியும் துளைக்க வேண்டும். டிப்ளமா படித்துவிட்டுக் கோவைக்கும் பெங்களூருக்கும் போன நம் பிள்ளைகளில் பலர் ராத்திரி விழித்துச் செய்வது இந்த வேலைதான்: ஏற்கெனவே ஒருவர் வரைந்ததை இன்னொரு முறை வரைவது. அமெரிக்க சர்க்காரின் நிஸ்ட் ஸ்தாபனத்துக்காக 1999-ல் எடுத்த கணக்கின்படி, அந்நாட்டு மோட்டார் தொழிலில் மட்டும் படங்கள் ஒத்துப்போகாததால் வருஷத்துக்குக் குறைந்தது 100 கோடி டாலர் வீணாயிற்று.

இதன் விலையை யார் கொடுக்கிறார்கள்? ஐரோப்பாவின் ஏர்பஸ் கம்பெனி ஏ-380 என்ற இரண்டடுக்கு விமானத்தைக் கட்டியது. ஒரு விமானத்துக்குள் 500 கிலோமீட்டருக்கு மேல் மின்கம்பி. ஜெர்மனியில் ஹாம்பர்க் ஆலை கேட்டியா என்ற புரோகிராமின் நாலாவது பதிப்பில் வரைந்தது. பிரான்சில் டூலூஸ் ஆலை ஐந்தாவது பதிப்பில் வரைந்தது. கவனியுங்கள், வேறு வேறு புரோகிராம் கூட அல்ல, ஒரே புரோகிராமின் இரண்டு பதிப்பு! ஹாம்பர்க்கிலிருந்து வந்த கம்பிக் கட்டுகளை டூலூஸில் மாட்டிப் பார்த்தால் நீளம் போதவில்லை. நூற்றுக்கணக்கான ஜெர்மன் தொழிலாளர்கள் டூலூஸுக்குப் போய்த் தங்கிக் கையால் கம்பி இழுத்தார்கள். 2006-ல் மொத்தம் இரண்டு வருஷத் தாமதம் என்று கம்பெனி ஒப்புக்கொண்டது. 2010 வரை லாபத்தில் 480 கோடி யூரோ அடிபடும் என்றது. 2007 பிப்ரவரியில் 'பவர்-8' என்ற திட்டம் வந்தது. பத்தாயிரம் பேரைக் குறைக்கப் போவதாக அறிவிப்பு. டாலர் விழுந்ததும் ஒரு காரணம் என்று கம்பெனி சொன்னது; அதுவும் உண்மைதான். ஆனால் எந்தப் பதிப்பில் வரைவது என்று முடிவு செய்தவர்கள் அந்தப் பத்தாயிரம் பேர் அல்ல. அடுத்த மாதமே பல நாட்டு ஏர்பஸ் தொழிலாளர்கள் சேர்ந்து தெருவில் இறங்கினார்கள்.

சரி, நாம் என்ன செய்வது? கம்ப்யூட்டரை உடைப்பதா? இல்லை. படத்தைப் படிக்கக் கற்றுக்கொள்வது.

வரைபட வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. ஃப்ரீகேட் என்று ஒரு புரோகிராம் இருக்கிறது. பல நாட்டார் சேர்ந்து உருவாக்கியது, காசு கிடையாது, உள்ளே எழுதியிருப்பதை யாரும் பார்க்கலாம். அதன் 1.0 பதிப்பு 2024 நவம்பரில் வந்தது. ஸ்டெப் கோப்பைப் படிக்கும், எழுதும். கம்பெனிப் புரோகிராமுக்கு வருஷ வாடகை கட்ட வழியில்லாதவர்கள் இதில் கை பழகலாம். பட்டறை வைத்திருக்கும் தோழர்கள், படம் வாங்கும்போது அலகு எழுதி, ஸ்டெப்பிலும், கூடவே அளவு போட்ட காகிதத்திலும் கேட்டு வாங்க வேண்டும்.

பட்டாதாரர்களுக்கு: இணையத்திலிருந்து புலப்படத்தை எடுத்துப் பாருங்கள். அதிலுள்ள எண்களைப் பழைய நகலோடு ஒப்பிடுங்கள். பழைய நகல் கண்ணியில் இருந்தால் ஒரு கண்ணிக்கு 20.12 சென்டிமீட்டர் என்று பெருக்கிக்கொள்ளுங்கள். பழைய காகிதத்தை எக்காரணத்தைக் கொண்டும் எறியாதீர்கள். கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது, இனி எதற்கு என்று யார் சொன்னாலும் கொடுத்துவிடாதீர்கள். வித்தியாசம் இருந்தால் ஜமாபந்தியில் எழுத்தில் மனுக் கொடுத்து ரசீது வாங்குங்கள். மறு சர்வே நடந்து, 1923-ம் வருஷத்துச் சர்வே எல்லைச் சட்டத்தின் 13-வது பிரிவுப்படி அறிவிப்பு வந்துவிட்டால், அதிலிருந்து மூன்று வருஷத்துக்குள் சிவில் கோர்ட்டுக்குப் போக வேண்டும். அதற்குப் பிறகு கல் எங்கே இருந்தது என்று அழுது பயனில்லை.

நூறடி டேப் ஒன்று சங்கத்தில் இருந்தால் போதும். ஃபிட்டர் தோழர்களுக்கு அளக்கத் தெரியும். வயல் தோழர்களுக்குக் கல் இருக்கும் இடம் தெரியும். இருவருமாகத் தெருத் தெருவாகக் கிளம்பி, முள்ளை வெட்டிக் கல்லைக் கண்டுபிடித்து, கல்லுக்குக் கல் அளந்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் பாதிக் கல் சேற்றுக்குள் போய்விடும். அதற்கு முன் முடித்தாக வேண்டும்.