பச்சையைத் திருடும் நத்தை

பெரம்பலூர், அரியலூர் தோழர்களே! நம் சுண்ணாம்புப் பாறைகளில் சங்கும் சிப்பியும் கிடப்பது, இங்கு ஒரு காலத்தில் கடல் இருந்ததற்கு அத்தாட்சியாகும். அச்சங்கினத்தைச் சேர்ந்ததும் ஓடில்லாததுமான எலிசியா நத்தையொன்றை 1858-ல் இலங்கையில் கெலார்ட் என்னும் வைத்தியர் விவரித்தெழுதினார். எலிசியா இனத்தில் சில, பாசியை உறிஞ்சி, அதன் பசுங்கணிகங்களை மட்டும் செரிக்காமல் உடலில் வைத்துக்கொண்டு, வெயிலில் இலையைப்போல் வேலை வாங்குகின்றன. தாவரம் வேறு, பிராணி வேறு என்று படைப்பிலேயே கோடு கிழித்தாயிற்று என்போர் இதற்கென்ன சமாதானம் சொல்லுவார்கள்?

ஆனால், வெயிலை உண்டே வாழும் அற்புதமென்று நாமும் கூத்தாடக்கூடாது. இருட்டில் மாதக்கணக்காய்ப் பட்டினி போட்டும் இத்தகைய நத்தைகள் பிழைத்திருந்ததை 2013-ல் சோதித்துக் கண்டார்கள். திருடிய பச்சை குஞ்சுகளுக்கும் போய்ச் சேருவதில்லை. ஒவ்வொன்றும் தானே தேடியாக வேண்டும். ஆகவே, பிறர் அற்புதத்தைச் சோதிக்கச் சொல்லும் நாம், நமக்குப் பிடித்த அற்புதத்தையும் சோதித்தே ஒப்புக்கொள்ளுவோமாக.